6 லட்சம் கூடக் கொடுத்து ‘பாசிவ் ஹவுஸ்’ கட்டலாமா? முதல்ல 868 ரூபாய் கணக்கைப் பாருங்க

போன மாசம் ஒரு தம்பி ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்தார். வயசு 29. டெக்னோபார்க்ல வேலை, களியக்காவிளையில இருந்து தினமும் திருவனந்தபுரம் போய் வர்றவர். ஃபார்ம் 16-ஐ எடுக்கிறதுக்கு முன்னாடியே ஃபோன்ல ஒரு கொட்டேஷனைக் காட்டினார். 1,200 சதுர அடி வீடு. சாதாரணமா கட்டினா 30 லட்சம். ‘பாசிவ் ஹவுஸ் பேக்கேஜ்’ சேர்த்தா 36 லட்சம். மூணு அடுக்குக் கண்ணாடி ஜன்னல், சுவருக்கு இன்சுலேஷன், காத்தை உள்ளே கொண்டு வர ஒரு மெஷின்.

“அண்ணே, கரண்ட் பில்லே வராதுன்னு சொல்றாங்க. 20 வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்தானே?”

திரும்பாது. ஏன்னு சொல்றேன். ஆனா அதுக்காக பாசிவ் வீடே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. நம்ம ஊர்ல அதுல நிஜமாவே காசு இருக்கு. கொட்டேஷன் காட்டுற இடத்துல இல்ல, அவ்வளவுதான்.

முதல்ல ஒரு நம்பரை மனசுல வச்சுக்கோங்க: 868. எட்டரை சதவீத வட்டி, 20 வருஷ ஹோம் லோன். இதுல நீங்க கூடுதலா வாங்குற ஒவ்வொரு லட்சத்துக்கும் மாசம் 868 ரூபாய் ஈஎம்ஐ. நம்ம கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருது. அப்போ ஒரு லட்சம் கூடப் போட்டுச் செய்யுற எந்த வசதியும் ஒவ்வொரு பில்லிலயும் 1,736 ரூபாயாவது குறைச்சுக் காட்டணும். இல்லன்னா அது செலவு, முதலீடு இல்ல.

தம்பியோட 6 லட்சத்தை இதுல போட்டுப் பாருங்க. மாசம் 5,200 ரூபாய்க்கு மேல. ஒரு பில் காலத்துக்கு 10,400. இப்போ இருக்கிற வீட்டுல ரெண்டு ஏசி, மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஓடி ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் வருதுன்னு வச்சுக்கோங்க. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்துல அதுக்கு சுமார் 7,000 ரூபாய்தான் ஆகும். பில் பூஜ்யமே ஆனாலும் ஒவ்வொரு ரெண்டு மாசத்துக்கும் 3,400 ரூபாய் கையை விட்டுப் போகுது. வருஷா வருஷம் கட்டணம் ஏறும்னு சேர்த்துப் பார்த்தாலும், ஆரம்பத்துலயே இவ்வளவு பள்ளம் இருக்கிற கணக்கை நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டேன்.

அப்போ பாசிவ் ஹவுஸ்ங்கிறதே ஏமாத்தா? இல்ல. அது பிறந்த ஊர் வேற. 1991-ல ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் நகரத்துல, க்ரானிக்‌ஷ்டைன்ங்கிற பகுதியில வோல்ஃப்காங் ஃபைஸ்ட் குழு கட்டினதுதான் முதல் பாசிவ் ஹவுஸ். அங்கே பிரச்சினை குளிர். வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு வருஷம் 15 யூனிட்டுக்கு மேல ஆகக் கூடாதுங்கிறது அவங்க வச்ச அளவு. அதுக்காக வீட்டை ஃபிளாஸ்க் மாதிரி காத்துப் புகாம அடைக்கிறாங்க. அடைச்ச வீட்டுக்குள்ள மூச்சு விடக் காத்து வேணுமே, அதுக்குத்தான் அந்த மெஷின். ஹீட்டர் செலவு பெரிசா இருக்கிற ஊர்ல இந்தக் கணக்கு சரியா நிக்கும்.

சூடான நாட்டுலயும் இதைச் செஞ்சிருக்காங்க. இலங்கையில கட்டுநாயக்க பக்கத்துல ஸ்டார் கார்மென்ட்ஸ் கம்பெனி ஒரு பழைய கட்டடத்தை பாசிவ் ஹவுஸ் தரத்துக்கு மாத்திக் காட்டினாங்க. வெயிலும் புழுக்கமும் கிட்டத்தட்ட நம்ம மாதிரிதான். ஆனா அது தொழிற்கூடம். வேலை நேரம் முழுக்க ஏசி ஓடணும், ஜன்னல் திறக்கிற பேச்சே இல்ல. அங்கே அடைச்சு வைக்கிறதுல லாபம் உண்டு. நம்ம வீட்டுல பகல்ல கதவு திறந்து கிடக்கு, ராத்திரி ஒரு ரூம்லயோ ரெண்டு ரூம்லயோ ஏசி. அதுக்கு எதுக்கு மூணு அடுக்குக் கண்ணாடி?

நம்ம ஊருக்கு என்ன வேணும்னு மத்திய அரசே எழுதி வச்சிருக்கு. எரிசக்தி சிக்கன அமைப்பு, அதான் ஏசி மேல ஸ்டார் ஒட்டுற பிஇஇ, 2018 டிசம்பர்ல ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ன்னு வீடுகளுக்கான விதித்தொகுப்பு ஒண்ணு வெளியிட்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகள்ல, தரைப்பரப்புல ஆறுல ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலும் கதவுமா இருக்கணும்னு அது சொல்லுது. 1,200 சதுர அடிக்கு 200 சதுர அடி. ‘திறக்கக்கூடிய’ங்கிற வார்த்தைதான் முக்கியம். இப்போ எல்லாரும் போடுற ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். பழைய மாதிரி ரெண்டு கதவு வச்ச ஜன்னல் முழுசாத் திறக்கும். காத்து வேணும்னா பழசுதான். ஜெர்மன்காரன் அடைக்கிறான், நமக்குத் திறக்கணும்.

இனி காசு எங்கே இருக்குன்னு பார்ப்போம். கரண்ட் கட்டணம் இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரிதான். முதல் 100 யூனிட் இலவசம். 500 தாண்டினா யூனிட் சுமார் எட்டரை ரூபாய், 600 தாண்டினா ஒன்பதரை, 800 தாண்டினா பத்தரை, 1,000 தாண்டினா பதினொன்றரைக்கு மேல. போதாக்குறைக்கு 500-ஐத் தாண்டின உடனே 101 முதல் 200 வரைக்கும் கிடைச்ச பாதி விலைச் சலுகையும் போயிடும். அதனால 501-வது யூனிட் ஒண்ணுக்கு மட்டும் 200 ரூபாய்க்கு மேல விழுது. நீங்க மிச்சப்படுத்துற யூனிட் எப்பவும் மேல் ஸ்லாப் யூனிட்தான். 1,000 யூனிட்டை 600-ஆக்கினா யூனிட் 40 சதவீதம் குறையுது, பில் 7,000-ல இருந்து 2,900 பக்கம் வந்துடுது. பாதிக்கும் கீழ.

வருஷத்துல மூணு பில்லுக்கு இப்படி நடந்தா சுமார் 12,000 ரூபாய். இந்த 12,000-க்கு வரி கிடையாது. 20 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவர் இதே தொகையை எஃப்டி வட்டியா கையில பார்க்கணும்னா 15,000-க்கு மேல வட்டி வரணும். ஏழு சதவீதத்துல ரெண்டு லட்சத்துக்கும் மேல டெபாசிட் போட்டாத்தான் அது வரும்.

ஆனா 868 கணக்கை மறக்காதீங்க. வருஷம் 12,000-ன்னா மாசம் 1,000. அதுக்கு நீங்க கூடுதலா கொடுக்கலாம்னு இருக்கிறது ஒன்னே கால் லட்சம்கூட இல்ல. அதுக்குள்ள என்ன செய்யலாம்? நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே. வெயில் பக்கவாட்டுல இருந்து வர்றதைவிட தலைக்கு மேல இருந்துதான் அதிகம் வருது. அதனால முதல் காசு கூரைக்கு. மொட்டை மாடியில வெள்ளை ஓடு அல்லது வெப்பம் தடுக்கிற வெள்ளைப் பெயிண்ட், 25,000 ரூபாய் ஆச்சுன்னா மாசம் 217 ரூபாய் ஈஎம்ஐ. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஏசி குறைஞ்சா மேல் ஸ்லாப்ல அதுவே திரும்பிடும். அடுத்தது மேற்குச் சுவர். படுக்கை ரூமை அங்கே வைக்காம பாத்ரூம், மாடிப்படி, ஸ்டோர் ரூமைத் தள்ளுங்க. பிளான் போடும்போது இதுக்குச் செலவு பூஜ்யம். கட்டின பிறகு எவ்வளவு கொடுத்தாலும் மாத்த முடியாது. சுத்தி ஆழமான சாய்ப்பு, முன்னாடி வராந்தா; தக்கலையில பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ள ஏப்ரல் மாசம் ஒரு தடவை நடந்து பாருங்க, நான் விளக்க வேண்டியதில்ல.

இதெல்லாம் பில் பக்கம். பெரிய காசு கடன் பக்கம் இருக்கு. அதைக் காட்டினவர் நமக்கு 30 கிலோமீட்டர்ல இருந்தார். தம்பானூர்ல பஸ் இறங்கினா பக்கத்துல சுருள் சுருளா ஏறுற சிவப்புக் கட்டடம், இந்தியன் காபி ஹவுஸ். அதைக் கட்டினவர் லாரி பேக்கர். இங்கிலாந்துல பிறந்து திருவனந்தபுரத்துல வாழ்ந்து 2007-ல இறந்தவர். 1985-ல அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் இவங்களோட சேர்ந்து அவர் தொடங்கின காஸ்ட்ஃபோர்ட் இன்னிக்கும் அந்த முறையில வீடு கட்டுது.

அவரோட ரெண்டு வித்தை. ஒண்ணு, எலிப்பொறிக் கட்டு: செங்கலைப் படுக்க வைக்காம நிறுத்தி வச்சு நடுவுல காலியிடம் விடுறது. கால்வாசி செங்கல் மிச்சம், அந்தக் காலியிடமே வெப்பத்தைத் தடுக்கும். இன்னொண்ணு, ஃபில்லர் ஸ்லாப். தளத்தோட கீழ்ப்பாதியில இழுவிசையைத் தாங்குறது கம்பிதான், கான்கிரீட் அங்கே சும்மா இருக்கு. அந்த இடத்துல பழைய மங்களூர் ஓட்டைப் பதிச்சா சிமென்ட்டும் கம்பியும் குறையும், ரூமும் கொஞ்சம் ஆறும். வெளிச்சுவரைப் பூசாம விட்டா பூச்சும் இல்ல, நாலு வருஷத்துக்கு ஒரு பெயிண்டும் இல்ல. இப்படி 3 லட்சம் குறைஞ்சா மாசம் 2,600, வருஷம் 31,000 ரூபாய். கரண்ட் பில்லுல மிச்சமான 12,000-ஐ இதோட வச்சுப் பாருங்க. எனக்கு இதுதான் பாசிவ் வீட்டோட நிஜமான லாபம்: கூடக் கொடுக்கிறதுல இல்ல, வேண்டாததை விடுறதுல.

சும்மா கிடைக்காது. இந்தக் கட்டு தெரிஞ்ச மேஸ்திரி குறைவு. தெரியாதவர் கையில கொடுத்தா மிச்சமான செங்கல் காசு கூலியில போயிடும், மழைக்காலத்துல சுவர் கசியும். ரேட்டை எழுதி வாங்குங்க, அவர் கட்டின வீட்டை ரெண்டு மழை பார்த்த பிறகு போய்ப் பாருங்க. பேங்க் வேல்யுவரும் பெரும்பாலும் சதுர அடி ரேட்டைத்தான் பார்ப்பார்; உங்க மூணு அடுக்குக் கண்ணாடிக்குத் தனி மதிப்பு போட மாட்டார். அந்த 6 லட்சம் ஹோம் லோன்ல அடங்காம பர்சனல் லோனுக்குப் போனவங்களும் உண்டு.

சோலார் போட்டா போதாதா? போடுங்க, பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கு. ஆனா முதல்ல யூனிட்டைக் குறைச்சுட்டுப் போட்டா சின்ன பேனலே போதும்.

இதெல்லாம் தெரிஞ்சவன் தன் வீட்டை எப்படிக் கட்டினான்னு கேட்பீங்க. 2016-ல எங்க ஓட்டு வீட்டை இடிச்சோம். மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும், மச்சுல மரநாய் தொல்லைன்னு அப்பாவுக்குச் சலிப்பு. ஓடு, உத்திரம் எல்லாத்தையும் வந்த விலைக்கு வித்தோம். நான் புதுசா சிஏ பாஸானவன். “லோன் பெரிசா எடுத்தா என்னப்பா, வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு இருக்கே”ன்னு சொன்னது நான்தான். இன்னிக்கு நான் புது வரி முறையில இருக்கேன். சொந்தமாக் குடியிருக்கிற வீட்டு வட்டிக்கு அதுல ஒரு ரூபாய் கழிவு கிடையாது. உங்கள்ல பெரும்பாலானவங்களும் அங்கேதான் இருக்கீங்க. கழிவு போச்சு, ஈஎம்ஐ இருக்கு, மேற்கு பார்த்த பெட்ரூம்ல ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுது. இப்போ மொட்டை மாடிக்கு மேல ஷீட் போட டிரஸ் ஒர்க் கொட்டேஷன் வாங்கி வச்சிருக்கேன். ஒன்னே முக்கால் லட்சம்.

தம்பி அந்த 36 லட்சம் பிளானை விட்டுட்டார். படுக்கை ரூம் ரெண்டையும் கிழக்கே மாத்தி, ஒரே ஒரு ஏசி பாயிண்ட் மட்டும் வச்சு, வராந்தாவை நாலு அடி கூட்டி புது பிளான் வரைஞ்சு அனுப்பினார். 28 லட்சத்துக்குள்ள வருமான்னு ரெண்டு மேஸ்திரிகிட்ட கேட்டுக்கிட்டிருக்கார். வித்த ஓடு இன்னும் யார்கிட்டயாவது கிடைக்குமான்னு என்கிட்டயும் கேட்டார். விசாரிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.