கடற்கரையும் பல்கலைக்கழகமும்

கடல்வளம் பெருகுகின்றதா அருகுகின்றதா என்பதை அறியவல்லார் இருவர். ஒருவர் நாள்தோறும் வலை வளைக்கும் தொழிலாளர். மற்றவர் அளவுகோல் ஏந்திய ஆராய்ச்சியாளர். இவ்விருவரும் கலந்து பேசாத நாட்டில் மீன்வளம் நிலைபெறாது என்பது எமது துணிபு.

கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்துக் கரை இதற்குத் தக்க சான்றாகும். அக்கரையில் வாழ்வோரைப் பல நூற்றாண்டுகளாக வாழ்வித்தது கொட் என்னும் மீன். 1980களிலே கரையோரச் சிறுதொழிலாளர், தம் வலையில் மீன் தொகையிலும் பருமனிலும் குறைகின்றதென முறையிட்டனர். அரசாங்க விஞ்ஞானிகளோ, ஆழ்கடல் இழுவைக் கப்பல்கள் பிடித்த மீனின் அளவைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, வளம் குன்றவில்லையெனக் கணித்தனர். மீன் அருகிய காலத்தும் எஞ்சியவை ஓரிடத்தே திரளும். நுண்கருவி பூண்ட கப்பல் அத்திரளைத் தேடிச்சென்று வாரும். ஆகவே, கடல் வறிதாகிய போதும் கப்பலின் வலை நிறைந்தே வந்தது. 1986 இல், கரையோரத் தொழிலாளர் சங்கத்தின் வேண்டுகோட்கிணங்க ஆராய்ந்த மெமோரியல் பல்கலைக்கழகத்தார், அரசாங்கக் கணிப்பு மிகையெனக் காட்டினர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது அங்கும் மெய்யாயிற்று. 1992 யூலையில் அம்மீன்பிடி தடைசெய்யப்பட, ஏறத்தாழ 30,000 பேர் தொழிலிழந்தனர். 2024 இலேதான் அத்தடை நீங்கிற்று.

எமது பாக்குக்குடாவும் ஆழங்குறைந்த கடலே. கடலடியைச் சுரண்டும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இற் சட்டத்தால் விலக்கிற்று. சட்டம் நன்று. எனினும், அதனாற் கடல் தேறுகின்றதா என்பதை அளவீடே உணர்த்தும். ஒரே துறையில் மாதந்தோறும் மீனின் நீளத்தை அளந்து, சினையுண்டா எனவும் குறித்துவரின், முதன்முறை சினைகொள்ளுமுன்னரே மீன் அள்ளப்படுகின்றதா என்பது புலப்படும். இதற்குப் பெருங்கப்பல் வேண்டியதில்லை.

தொழிலாளர் கூறுவது வெறும் ஊகமென்பாருமுளர். வாடைக்கு எம்மீன் வரும், சோழகத்துக்கு எது விலகும், ஓரா எங்கே மேயும் என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த அறிவு ஊகமாகாது. எங்கே, எப்பொழுது அளத்தல் வேண்டுமென்பதை ஆராய்ச்சியாளர்க்கு உரைப்பது அவ்வறிவேயன்றோ!

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மாத்தறையிலுள்ள உறுகுணைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை கற்பிக்கப்படுகின்றது. ஆயின், ஆய்வு முடிபுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. எவருடைய மீனை அளந்தார்களோ அவர் அவற்றைப் படித்தறிய வழியில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் இக்குறையை யான் வற்புறுத்துகின்றேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஆராய்ச்சியாளரும் அதிகாரிகளும் கடலை நம்பிய குடும்பத்தினரும் உளர். ஆய்வு செய்வோர் அதன் முடிபை இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, அளவெடுத்த துறையிலேயே வாசித்துக்காட்டி, தொழிலாளர் கூறும் மறுப்பையும் குறித்துக்கொள்வாராக. இன்று பயிலும் மாணவரும் மீன்களின் பெயரையும் பருவத்தையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டெழுதப் பழகுவாராக. இவ்விழா ஆண்டில் நாம் தொடங்கத்தக்க பணி இதுவாகும்.