மூத்தவாப்பாவின் ரூபாயும் மாப்பிள்ளை மோதிரமும்



மட்டக்களப்பு வாவியோரத்து ஊரொன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது. அவருடைய வாப்பா விட்டுச் சென்ற வெள்ளி நாணயங்கள் சில பெட்டகத்தில் இருக்கின்றன. "அவற்றை உருக்கி மகனுக்கு மோதிரம் செய்யலாமா? வலை இழுக்கும் கைக்கு அது தாங்குமா?" என்று கேட்கிறார்.

நம் ஆண்கள் தங்கம் அணிவதில்லை. ஆகவே இது அந்தத் தாயின் கேள்வி மட்டுமல்ல. வெள்ளி மோதிரம் செய்விக்கும் எல்லா வீட்டுக்கும் உரிய கேள்விதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. தோணியின் கயிறும் துடுப்பும் படும் விரலில் அது வளையும், கீறும், நாளடைவில் தேயும். எனவே "சுத்த வெள்ளியிலேயே செய்து தாருங்கள்" என்று பொற்கொல்லரிடம் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு செம்பு. இதுவே உலகெங்கும் நிலைத்துவிட்ட அளவு. 8 கிராம் மோதிரத்தில் 7.4 கிராம் வெள்ளி, 0.6 கிராம் செம்பு. அந்தச் சிறிதளவு செம்புதான் மோதிரத்துக்கு உறுதியைத் தருகிறது.

அப்படியானால் செம்பைக் கூட்டினால் இன்னும் நல்லதல்லவா? உறுதி கூடும், ஆனால் சீக்கிரம் கறுக்கும். வாவிச் சேற்றைக் கிளறும்போது அழுகிய முட்டை மணம் வருகிறதே, அந்தக் கந்தக வாயுதான் வெள்ளியைக் கறுப்பாக்குகிறது. செம்பு கூடிய வெள்ளியை அது இன்னும் விரைவாகப் பிடிக்கும். ஆகவே நம் பகுதிக்கு 925 நடுத்தரமான, நல்ல அளவு. செம்பில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஜேர்மானியம் சேர்த்த வெள்ளியும் இப்போது உண்டு. அது எளிதில் கறுக்காது. ஆனால் அதை வேலை செய்து பழகிய கை வேண்டும்.

இனி நாணயங்களுக்கு வருவோம். அவற்றை உருக்கும் முன் ஆண்டைப் பாருங்கள். அக்காலத்தில் இலங்கையிலும் செல்லுபடியான இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1939 வரை வெளிவந்தவற்றில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. மோதிரத்துக்கு இதுவே போதும். 925 முத்திரை மட்டும் குத்தக் கூடாது. 1940 முதல் வந்த ரூபாய்களில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். நிக்கல் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். இலங்கையின் 50 சத நாணயத்தில் 1917 வரை 800 பங்கு வெள்ளி இருந்தது. 1919 முதல் 550 பங்காகக் குறைந்தது. எல்லாவற்றையும் ஒரே மூசையில் போட்டால் நல்ல நாணயமும் வீணாகிவிடும். பிந்திய நாணயங்களை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், உருக்க வேண்டாம்.

"ஜேர்மன் சில்வர்" என்ற பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி கிடையாது.

பொற்கொல்லரிடம் இவற்றையும் சொல்லுங்கள். வேலை செய்யும் கைக்கு வளையம் 2 மில்லிமீற்றர் தடிப்பாவது இருக்கட்டும். பற்றவைத்த சூட்டில் வெள்ளி மறுபடி மென்மையாகிவிடும். அதனால் கடைசியில் வளையத்தைத் தட்டி இறுக்கச் சொல்லுங்கள். கல் பதிப்பதானால், கல்லைச் சுற்றிவரும் மெல்லிய தகடு மட்டும் சுத்த வெள்ளியாக இருக்கலாம். அது இசைந்து கல்லை அணைத்துக்கொள்ளும். எத்தனை பங்கு வெள்ளி என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கல் இல்லாத மோதிரம் கறுத்தால் பயப்பட வேண்டாம். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, மோதிரத்தை அதில் படும்படி வைத்து, சுடுநீரும் ஒரு கரண்டி அப்பச் சோடாவும் இடுங்கள். கறுப்பு நீங்கிவிடும்.

நபி (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரம் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) எனக் கைமாறிச் சென்றது. உஸ்மான் (ரலி) காலத்தில்தான் அரீஸ் கிணற்றில் விழுந்து தொலைந்தது என்று ஹதீஸில் காண்கிறோம். நல்ல மோதிரம் ஒரு கையோடு முடிவதில்லை. சகோதரியே, 1939க்கு முந்திய ரூபாய் ஒன்று உங்கள் பெட்டகத்தில் இருந்தால் அதையே கொடுங்கள். பொற்கொல்லர் உருக்கும்போது மகனையும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். மூத்தவாப்பாவின் உழைப்பு தன் விரலுக்கு வந்த விதத்தை அவனும் கண்ணால் காணட்டும்.