தவறணையும் பிள்ளைக் காம்பராவும்

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை மலைச்சாரலில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், காலையில் தன் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்கிறாள். அக்காம்பரா யாருக்காக எழுந்தது? குழந்தைக்காக அன்று, தாயின் இரு கைகளும் கொழுந்துக்கு வேண்டும் என்பதற்காக! பிள்ளை அழாமலும் விழாமலும் இருந்தாற் போதும் என்பதே அதன் இலக்கணமாயிற்று.

இன்று அதற்குச் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று பெயர். புதுக் கட்டடங்களும் பயிற்சி பெற்ற பொறுப்பாளரும் பல தோட்டங்களுக்கு வந்துள்ளமையை நாம் மறுக்கவில்லை. பெயர்ப்பலகை மாறினால் பழைய இலக்கணமும் மாறிவிடுமா?

விளையாட்டு, வயிறு நிறைந்தபின் வரும் ஆடம்பரம் என்பர் சிலர். அன்று. சிரட்டையில் நீர் மொண்டு ஊற்றும் குழந்தை அளவைக் கற்கிறது. மண்சோறு சமைக்கையில் மொழியைக் கற்கிறது. குழந்தையின் விளையாட்டை உரிமையென்று கூறும் 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. லயத்துச் சிற்றறையில் கால்நீட்ட இடமில்லாத குழந்தைக்கு அவ்வுரிமை எங்கே கிட்டும்?

ஆறாம் வகுப்பில் வாய்திறவாத மாணவனைக் கண்டு ‘அடிப்படை போதாது’ என்று சலிக்கும் ஆசிரியர்களாகிய நாமும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. உள்ளே, பிள்ளையின் கைக்கெட்டும் தட்டும் உருண்டு புரளத் தூய தரையும்; வெளியே, வேலியிட்ட சமநிலம், மரநிழல், மணல், நீர். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதனையும் கோரட்டும்.

தேயிலைக் கன்றுக்குத் தவறணை அமைத்து நிழலும் நீரும் தரத் தெரிந்தவர்களுக்கு, தொழிலாளியின் குழந்தைக்கு ஒரு முற்றம் தரவா தெரியாது?