உள்ளது உள்ளபடி

பழைய ஃப்ளாட் விற்கிறவர்கள் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. ‘‘வீடு எப்படி இருக்கோ, அப்படியே எடுத்துக்கணும் ஸார்!’’ மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு கறாராகப் பேசுவதில்லை.

பி.காம்.மில் வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு ‘கேவியட் எம்ப்டர்’ ஞாபகம் இருக்கும். வாங்குகிறவனே, உஷார்! அதற்காக விற்பவர் வாயே திறக்க வேண்டாம் என்றில்லை. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடாதவரை! அதனால் படித்துவிட்டுப் போடுங்கள்.

சரி, நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளத் தயார். பாங்க் தயாரா?

பாங்க் இரண்டு பேரை அனுப்பும். வக்கீல் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசு விவகாரம் எல்லாம் துருவுவார். மதிப்பீட்டாளர் டேப்பும் கையுமாக வந்து, அப்ரூவ்டு பிளானில் பால்கனியாக இருந்தது எப்படி பெட்ரூம் ஆயிற்று என்று கேட்பார். இரண்டு பேருமே குழாயைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ‘பாங்க் ஆளே ஓகே சொல்லிட்டார்’ என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். அவர் பார்ப்பது பாங்க்கின் பணத்தை. ஒழுகலைப் பார்க்க உங்கள் செலவில் ஒரு என்ஜினீயர், ஒரு பிளம்பர் வேண்டும். ஒரே ஒரு மூலையில் மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் அங்கே நின்று மேலே பாருங்கள்.

என் நண்பர் ஒருவர் சென்னையில் 52 லட்சத்துக்குப் பழைய ஃப்ளாட் பேசினார். 80 சதவிகிதம் கடன், அதாவது 41.6 லட்சம் என்று கணக்கு. மதிப்பீட்டாளர் 45 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டார். விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன். வந்தது 36 லட்சம். துண்டு 5.6 லட்சம்! பத்திரச் செலவு 9 சதவிகிதம், 4,68,000 ரூபாய் தனி. அதையும் பாங்க் கணக்கில் சேர்க்கவில்லை.

விற்பவரிடம் ஓடினார். ‘‘அப்படியேன்னு அன்னிக்கே சொன்னேனே!’’ 45 நாளில் முடிக்காவிட்டால் 2 லட்சம் முன்பணம் போச்சு என்று ஒப்பந்தத்தில் வேறு இருந்தது. கடைசியில் மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் பத்திரங்களின் ஜெராக்ஸை வாங்கி பாங்க்கில் காட்டிவிடுங்கள். விற்பவருக்கே வீட்டின் மேல் கடன் இருந்தால் ஒரிஜினல் அவருடைய பாங்க்கில் இருக்கும். பாக்கி எவ்வளவு என்று அங்கிருந்து எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ‘கடன் கிடைக்காவிட்டாலோ, மதிப்பு குறைந்தாலோ முன்பணம் திரும்ப வேண்டும்’ என்று ஒரு வரி, கெடு 90 நாள். இதற்கு முகம் சுளிக்கிறவர் வீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தெருவில் பாருங்கள்.

அவர் வீட்டை ‘அப்படியே’ தரட்டும் ஸார். நீங்கள் முன்பணத்தை ‘அப்படியே’ தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்!