எந்தத் தோட்டா நல்லது என்று கேட்கும் தம்பிகளுக்கு

ஒவ்வொரு சாதிக் கொலைக்குப் பிறகும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பேச்சு எழும். "லைசென்ஸ் எடுத்து ஆளுக்கொரு ரைஃபிள் வச்சிக்கிட்டா என்னக்கா?" இப்போது கேள்வி இன்னும் ஒரு படி முன்னேறியிருக்கிறது. சாஃப்ட் நோஸா, ஹாலோ பாயிண்டா, ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டா? தற்காப்புக்கு எது சிறந்தது? அமெரிக்கக்காரன் ஜெல் கட்டியில் சுட்டுக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அகிம்சைப் பாடம் நடத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணிக்கு மிராசுதார் கூட்டம் துப்பாக்கியோடுதான் வந்தது. குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிந்து செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இந்த வரலாறு தெரிந்தவர்களிடம் போய் மறு கன்னத்தைக் காட்டு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. தற்காப்பு உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இன்றைய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆகவே கேள்வி கேட்டதில் தப்பில்லை. கேட்ட இடம்தான் தப்பு.

முதலில் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். ஈயக் குண்டை முழுக்கச் செம்பு உறையால் மூடினால் அது உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். முனையில் ஈயத்தைத் திறந்து விட்டாலோ குழி வைத்தாலோ, உடலுக்குள் பூவாக விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கி உள்ளேயே வேகம் இழக்கும். பின்னால் நிற்பவருக்கு ஆபத்து குறைவு என்பது இந்த இரண்டாவது வகைக்குச் சொல்லப்படும் நியாயம். சரி, குறி தப்பினால்? ரைஃபிள் குண்டு எந்த வடிவமாக இருந்தாலும் தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸையும் கடந்து போகும். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் ஒரு வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்குகிறது. அந்த வீடியோக்காரனுக்கு ஒரு ஏக்கர் தோட்டம் இருக்கிறது, தம்பி.

இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலையில் 1890-களில் பெர்ட்டி-க்ளே என்ற வெள்ளைக்காரக் கேப்டன் .303 குண்டின் முனையைத் திறந்து விட்டான். வடமேற்கு எல்லையில் பழங்குடிகள் குண்டடி பட்டும் ஓடி வருகிறார்கள், சாதாரணக் குண்டு போதவில்லை என்பதுதான் புகார். 1899 ஹேக் மாநாட்டில் விரியும் குண்டைத் தடை செய்யப் பேச்சு வந்தபோது, நாகரிகமற்றவர்களோடு போரிட அது வேண்டும் என்று பிரிட்டன் வாதாடியது. எந்த உடம்புக்கு எந்தக் குண்டு என்ற கேள்விக்குள் இனமும் சாதியும் முதலிலிருந்தே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வேடிக்கை பாருங்கள்: அந்தத் தடை போர்க்களத்துக்கு மட்டும்தான். எதிரி நாட்டுச் சிப்பாய்க்கு இருக்கிற அந்தப் பாதுகாப்பு சொந்த நாட்டுக் குடிமக்களுக்குக் கிடையாது. 2011 செப்டம்பர் 11, பரமக்குடியில் ஆறு பேர். 2018 மே மாதம், தூத்துக்குடியில் பதின்மூன்று பேர். அவர்கள் மேல் பாய்ந்த குண்டின் வடிவத்தை யார் தேர்வு செய்தது என்று எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலாவது கேட்டீர்களா?

இனி லைசென்ஸ். .303, 9 எம்.எம். போன்ற அளவுகள் தனியாருக்குத் தடை. .315 மாதிரி அனுமதித்த அளவில், கடையில் இருப்பதை வாங்க வேண்டியதுதான். அமெரிக்கக் கடை மாதிரி அலமாரி முழுக்க ரகம் பார்த்துப் பொறுக்க முடியாது. சொத்து இல்லை என்பதற்காக மட்டும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டம் 14-ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல வரி. ஆனால் போலீஸ் விசாரணை அறிக்கை வேண்டும். போராட்டத்துக்குப் போனதற்காக உங்கள் மேல் போட்ட வழக்கு அதில் இருக்கும். ஆயுதத்தைப் பத்திரமாகப் பூட்டி வைக்க இடம் வேண்டும். தி.நகர் துணிக்கடையில் வேலை பார்த்து, கடை கொடுத்த அறையில் இருபது பேரோடு படுக்கும் தம்பிக்கு ஒரு தகரப் பெட்டிதான் இருக்கிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கவும் சொல்வார்கள், சேரியில் பயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்.

பக்கத்துக் குடகைப் பாருங்கள். கூர்க் இனம் என்பதாலும் ஜம்மா நிலம் வைத்திருப்பதாலும் அங்கே லைசென்ஸே தேவையில்லை. வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை. 2019-இல் ஒன்றிய அரசு அதைப் பத்தாண்டு நீட்டித்தது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. பிறப்பையும் நிலத்தையும் பார்த்துத் துப்பாக்கி கொடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

கறுப்பர்கள் ஏந்தவில்லையா என்பீர்கள். ஏந்தினார்கள். 1964-இல் லூசியானாவில் டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ் உருவானது, சிவில் உரிமை ஊழியர்களைக் காத்தது. நாங்கள் அவர்களை மதிக்கிறோம். ஆனால் அங்கே கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்க முடிந்தது. அப்படியும் 1967-இல் கருஞ்சிறுத்தைகள் கலிஃபோர்னியாவில் சட்டப்படியே துப்பாக்கியோடு ரோந்து போனதும், குண்டேற்றிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தவே தடை போட்டுக் கையெழுத்திட்டார் ஆளுநர் ரீகன்.

நம் கையில் இருப்பது வேறொன்று. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 3(1). வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியை அரசு கண்டறிய வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத லைசென்ஸ்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும். வரிசையைக் கவனியுங்கள். அவர்கள் கையிலிருந்து எடுப்பது முன்னே, நம் கையில் கொடுப்பது பின்னே. நம் ஆட்களோ கடைசி வரியை மட்டும் மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்குகிறார்கள். முதல் வரியைக் கேட்டால் உள்ளூர்ப் பெரிய மனிதர் பகைத்துக்கொள்வார், கூட்டணி கசக்கும். அது மட்டும்தான் காரணம்.

சென்னைத் தம்பிகளுக்கு இன்னொன்று. 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அங்கே வந்தவர்கள் நீதிமன்ற உத்தரவோடும் பொக்லைனோடும் வந்தார்கள். அதற்கு எந்த முனை வைத்த தோட்டா சரிவரும்?

ஆகவே வேலை இது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மூன்று கேள்விகள். உங்கள் சொந்த மாவட்டத்தில் வன்கொடுமைப் பகுதிகளாகக் கண்டறிந்த ஊர்கள் எவை? அந்த ஊர்களில் லைசென்ஸ் துப்பாக்கிகள் எத்தனை, 1995 முதல் விதி 3-இன் கீழ் ரத்தானவை எத்தனை? பட்டியல் சாதியினர் லைசென்ஸ் கேட்ட மனுக்கள் எத்தனை, கொடுத்தது எத்தனை? மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, மயிலாப்பூர் கடற்கரையில் இருக்கும் டிஜிபி அலுவலகத்துக்கு ஒன்று. முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அடையாறு மணிமண்டபத்தில் கூடும்போது மனுவின் நகலைக் கொண்டுவாருங்கள், மாவட்டவாரியாக அடுக்கி வைப்போம்.