கண்ணாடி பீரோவுக்குள்ளே

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று அலுத்துக்கொள்ளாத தாயார் உண்டா? சொன்னது ஏறாமல் போகலாம், சகோதரிகளே. கண்ணால் கண்டது ஏறாமல் போவதில்லை. முக்கியமாக, தகப்பனார் தம் வேலையை எப்படிச் செய்கிறார் என்பதைக் குழந்தைகள் ஓசைப்படாமல் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. இதற்கு ஒரு போலந்து தேசத்து வீட்டைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

வார்ஸா நகரில் விளாடிஸ்லாவ் ஸ்க்லொடோவ்ஸ்கி என்று ஓர் உபாத்தியாயர் இருந்தார். கணிதமும் பௌதிகமும் அவர் பாடங்கள். போலந்து அப்போது ருஷ்ய ஆட்சியில் இருந்தது. போலிஷ் பிள்ளைகளுக்குப் பரிசோதனைச் சாலைப் பாடமே வேண்டாம் என்று அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். உபாத்தியாயர் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி பீரோவில் வைத்தார். தம் குழந்தைகளுக்கு அவற்றின் உபயோகத்தைச் சொல்லிக் கொடுத்தார். 1867-ல் பிறந்த கடைக்குட்டி மரியா அவற்றைப் பார்த்தே வளர்ந்தாள்.

கஷ்டம் தனியாகவா வரும்? தேசாபிமானி என்பதற்காக அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சேமிப்பும் போட்ட இடத்தில் மூழ்கிற்று. வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் பாடம் சொன்னார். அவர்கள் மூலம் வந்த டைபஸ் ஜுரம் மூத்த பெண்ணைக் கொண்டுபோயிற்று. 1878-ல் மனைவியும் க்ஷயரோகத்தால் மறைந்தாள். குழந்தைகளின் பாதரட்சைகளைத் தானே தைத்துப் போட்ட உழைப்பாளி அவள். மரியாவுக்கு அப்போது வயது 10.

மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ பாடம் நடத்துவதை விடவில்லை. சனிக்கிழமை மாலைகளில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து இலக்கியம் படித்துக் காட்டுவதையும் விடவில்லை. பிற்காலத்தில், பெண்களின் படிப்புச் செலவுக்காக, யாரும் விரும்பாத ஒரு சீர்திருத்தப் பள்ளி நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்டார்.

மரியா என்ன செய்தாள்? பாரிஸில் வைத்தியம் படித்த அக்காவுக்குப் பணம் அனுப்புவதற்காகப் பிறர் வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னாள். தன் முறை வந்ததும் 1891-ல் பாரிஸ் சென்றாள். பிறகு கணவர் பியர் கியூரியுடன் ஒழுகும் கொட்டகையில், டன் கணக்கான தாதுவைக் காய்ச்சிக் கிளறி, 1902-ல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்பைப் பிரித்தெடுத்தாள். செய்தி எட்டிய சில நாட்களில் தகப்பனார் காலமானார். 1903-லும் 1911-லும் மகள் நோபல் பரிசு பெற்றதைப் பார்க்க அவர் இல்லை.

மரியாவின் மகள் ஐரீன், தாயின் ஆய்வுக்கூடத்திலேயே பழகி, 1935-ல் அதே பரிசைக் கணவருடன் பெற்றாள்.

அறிவு பிறவியில் வந்ததாக இருக்கலாம். சலிக்காத கை பார்த்துப் பழகியதுதான். ஆபீஸிலிருந்து வந்ததும் வேலையைச் சபிக்கும் குரலும் குழந்தையின் காதில் விழுகிறது. கணக்கு ஒத்துவரும்வரை எழுந்திருக்காத அப்பாவும் அதன் கண்ணில் படுகிறார். ஆகவே, சகோதரிகளே, இன்று மாலை அவரோ நீங்களோ வேலையில் ஆழ்ந்திருக்கும்போது குழந்தை பக்கத்தில் வந்து நின்றால், "போய் விளையாடு" என்று விரட்டாதீர்கள். கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.