எந்த வீட்டிற்கு எந்த நாய்?

வைட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை வேளையில் பலவகை நாய்களைக் காணலாம். சைபீரியாவின் பனிநிலத்தில் சறுக்குவண்டி இழுத்த ஹஸ்கி, ஆட்டுமந்தையை ஓட்டிச் செல்வதற்காக உருவாக்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு, கரிசல் காட்டில் முயல் விரட்டிய சிப்பிப்பாறை என ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்கென வளர்ந்த இனமாகும். பத்தாவது மாடியில் இழுப்பதற்கு வண்டியும் இல்லை. ஓட்டுவதற்கு மந்தையும் இல்லை. பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் தனித்திருக்கும் ஹஸ்கி ஊளையிட்டால் அண்டை வீட்டார் அதனைக் குறை கூறுகின்றனர். குறை நாயினுடையது அன்று. அதன் அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவருடையது.

முன்னோர் இவ்வாறு தேர்ந்தெடுக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில், ஆநிரை காத்து மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு கூறுகிறது. கர்நாடகத்திலும் இத்தகைய கல் உண்டு. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவன், பரிசாகக் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக இறந்தது. அதற்காக மண்டியா மாவட்டம் ஆதகூரில் எழுப்பப்பட்ட கல், இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததாக உள்ளது. ஒன்று காவல் நாய், மற்றொன்று வேட்டை நாய். இருவேறு தொழில்கள், இருவேறு நாய்கள்.

நாட்டு இனங்களுக்கு அண்மைக் காலத்தில் மதிப்பு கூடியுள்ளது. 2005ஆம் ஆண்டு அஞ்சல்துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளுள் இராஜபாளையமும் கர்நாடகத்தின் முதோளும் இடம்பெற்றன. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னார். இவை போற்றத்தக்கன. எனினும், சொந்த ஊரின் நினைவாக ஒரு சிப்பிப்பாறையை இரண்டு அறை வீட்டில் அடைத்து வைப்பது, ஹஸ்கியை அடைத்து வைப்பதைவிடச் சிறந்த செயல் ஆகாது. ஊர்ப்பற்று மனிதருக்கு உரியது. நாய்க்கு வேண்டியது ஓடுவதற்கு வெளி. நிறத்தின் மீதுள்ள பற்றும் தீங்கு செய்யும். பால்போன்ற வெண்மைக்காக விரும்பப்படும் இராஜபாளையம் இனத்தில் பிறவியிலேயே செவி கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு.

பெங்களூருக்கு அருகிலுள்ள தரளுவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நாய்ப் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. அங்கே பெல்ஜியன் மாலினோய்ஸ் நாய்கள் வெடிபொருளை மோப்பம் பிடிக்கப் பழகுகின்றன. ஓயாத அவற்றின் துடிப்பு காட்டில் படைவீரரின் உயிரைக் காக்கிறது. அதே துடிப்பு வரவேற்பறையில் மெத்தையைக் கிழிக்கும்.

அப்படியானால் வைட்ஃபீல்ட் வீட்டில் நாய்க்கு என்ன வேலை? வாயிலில் காவலர் இருப்பதால் காவல் தேவையில்லை. மின்தூக்கியில் அந்நியரோடு அமைதியாக நிற்பது, உணவு கொண்டுவருபவரைக் கண்டு பாயாமல் இருப்பது, பாட்டியின் காலடியில் படுத்திருப்பது ஆகியவையே அதன் வேலை. இதுவும் எளிதான வேலை அன்று. இதற்குத் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி பெரும்பாலும் போதும். இவ்வூர் வெயிலும் மழையும் அதற்குப் புதியவை அல்ல. தடுப்பூசி போட்டு, உடல்நலம் பார்த்துக் குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் அமைப்புகள் பெங்களூரில் உள்ளன.

எந்தக் குட்டியாயினும் பயிற்சி இளமையிலேயே தொடங்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் அது கற்பவை பல. மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை பழகும் ஒலிகளுக்கும் ஆட்களுக்கும் அது பின்னாளில் அஞ்சுவதில்லை. மிக்ஸியின் இரைச்சல், அழைப்புமணி, சக்கர நாற்காலி, குடை ஆகிய அனைத்தையும் அக்காலத்திலேயே மெல்ல அறிமுகப்படுத்த வேண்டும். சொன்னதைச் செய்த அந்நொடியே ஒரு துண்டு உணவு தந்தால் அது கற்கும். அடித்தால் அடிப்பவரைக் கண்டு அஞ்ச மட்டுமே கற்கும்.

இங்குள்ள தமிழர் வீடுகளில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பாட்டி ‘உட்கார்’ என்பார். அப்பா ‘சிட்’ என்பார். வீட்டுவேலைக்கு வரும் அக்கா ‘கூத்கோ’ என்பார். குட்டி மூவரையும் மாறிமாறிப் பார்க்கும். அதற்கு மொழிப்பகை ஏதும் இல்லை. ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று வீட்டார் முடிவு செய்துவிட்டால், அச்சொல் எம்மொழியாயினும் அது கற்றுக்கொள்ளும்.

நாய் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழக்கூடியது. ஐந்தாம் வகுப்பு மாணவி தூக்கி வரும் குட்டி, அவள் கல்லூரிக்குச் செல்லும்போது நடுவயதில் இருக்கும். இடையில் தந்தைக்கோ தாய்க்கோ புனேவுக்கு மாற்றலாகலாம். புதிய வீட்டு உரிமையாளர் நாய் கூடாது என்று சொல்லலாம். அப்போது தெருவில் விடப்படும் நாய்க்கு அங்கே பிழைக்கவும் தெரியாது. ஆகவே குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்பே அந்த நாளைப் பற்றி வீட்டார் பேசி முடித்திருக்க வேண்டும். அப்பேச்சில் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.